கொங்காளம்மன் வீதியில் ஒரே புகைச்சல்

காற்று ஆய்வாளர் சுகந்தன் அன்று காலை மூன்றாவது முறையாக மொட்டை மாடி ஏறி மோந்து பார்த்தார். ஒன்றுமில்லை. எதிர்வீட்டு மாடியில் காய்ந்த மிளகாயின் நெடிதான் வந்தது. நாலு தும்மல் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

அவருடைய அப்பா எந்த நேரத்தில் அந்தப் பெயரை வைத்தாரோ தெரியாது. ஐம்பது வயது மனிதர், பத்து நாளாக வீடு வீடாக, சந்து சந்தாக மூக்கை நீட்டிக்கொண்டு திரிகிறார். தேடுவது புகையை. கொங்காளம்மன் வீதியில் கடும் புகை இருக்கிறதென்று காற்று இலாகாவிலிருந்து இரண்டு சிவப்பு அட்டை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் மூன்றாவதும் விழுந்தால், அந்த வீதியில் தொழிலுக்கு ஓடும் மோட்டார் அத்தனையும் ஒரு வருடத்துக்கு நிற்கும். அத்தனையும் என்று பேச்சுக்குச் சொல்கிறேனே தவிர, அங்கே தொழிலுக்கு மோட்டார் ஓடியது ஒரே இடத்தில்தான். அது சுகந்தனின் தங்கை தான்யாவின் மாவு மில்.

செவ்வாய்க் கிரகத்தில் கத்தரிக்காய் விளைவித்த காலம்தான் அது. அதற்காக இட்லிக்கு அரைக்காமல் இருக்க முடியுமா? வீதியில் நாற்பத்தாறு வீடு. நாற்பத்தாறு வீட்டுப் பெண்களும், வீட்டில் ராசி இல்லாத ஆண்களும், ஊறிய அரிசியைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு தான்யாவிடம்தான் வந்தார்கள். கட்டியவன் கம்பி நீட்டிய பிறகு ஒற்றை மோட்டாரோடு ஆரம்பித்தவள். இப்போது மூன்று மோட்டார் ஓடுகிறது. மகள் சென்னையில் படிக்கிறாள். மில் நின்றால் அந்தப் படிப்பும் நிற்கும். தங்கைக்கு வேறு நாதி கிடையாது என்பது அண்ணனுக்குத் தெரியும்.

அந்த வீதி இருக்கிற வெள்ளியம்புதூர் ஒரு காலத்தில் கன்னங்கரேலென்று இருந்த ஊர்தான். இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்படப் பட்டறைகள் வந்தன, ஊர் சம்பாதித்தது. சம்பாதித்தவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். படித்த பிள்ளைகள், ஐயையோ புகை ஆகாது என்றார்கள். பட்டறைகள் மூட்டை கட்டிக்கொண்டு கல்லேரிமேட்டுக்குப் போயின. வெள்ளியம்புதூர் வெள்ளை வெளேரென்று ஆனது. இப்போது வண்டி மின்சாரம், அடுப்பு மின்சாரம், சாமிக்குக் காட்டுகிற சூடம்கூட மின்சாரம். கல்லேரிமேடு எந்தத் திசையில் இருக்கிறதென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட வீதியில் எங்கேயிருந்து வந்தது புகை?

இதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது மோப்பன். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும், வீதி முனையிலும், மில் வாசலிலும் மாட்டியிருந்த சாம்பல் நிறப் பெட்டிக்கு மக்கள் வைத்த பெயர் அது. முதலில் அதற்கு மூக்கு மட்டும்தான் இருந்தது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? குப்பையைக் கொளுத்தும்போது அதன்மேல் ஈரத்துண்டைப் போர்த்தினார்கள். ஆகவே இலாகா அதற்குக் காதும் கொடுத்தது. மூக்கு புகை இல்லை என்று சொல்லி, காது உண்டு என்று சொன்னால், காதைத்தான் நம்ப வேண்டும் என்று விதியும் எழுதியது. மூக்கைத்தானே பொத்த முடியும், ஊர் வாயைப் பொத்த முடியாதே என்பது அவர்கள் கணக்கு.

மாடியிலிருந்து இறங்கிய சுகந்தன் வேறு வழியில்லாமல் வீதி முனைப் பெட்டியிடமே போய்க் கேட்டார்.

"ஏப்பா, புகை புகைங்கறயே, எங்கதான்பா இருக்குது? மோந்து மோந்து என்ற மூக்கே தேஞ்சு போச்சு."

மோப்பன் மேடைத் தமிழில்தான் பேசும். "வணக்கம். மூக்குப் பதிவில் புகை இல்லை. செவிப் பதிவில் முந்நூற்றுப் பதினெட்டு சாட்சியங்கள் உள்ளன. கேட்கிறீர்களா?"

"போடு பாப்போம்."

"வீட்டு எண் பன்னிரண்டு. பெண் குரல். 'தருணிகா நாலு கதவு பிரிட்ஜு வாங்குனதுல இருந்து எதுத்த வூட்டுல ஒரே புகைச்சல்.' மாவு மில் வாசல். பெண் குரல். 'அவ மூக்குத்தியப் பாத்தா உனக்கேண்டி காதுல புகை வருது?' குறிப்பு: காது வழியே புகை வெளியேறுவது ஆபத்தானது. அன்பர் உடனடியாக மருத்துவரை அணுகவும்."

சுகந்தன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்து நாளாகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. அடப்பாவி! பொறாமையைப் புகை என்று எழுதி வைத்திருக்கிறது. தமிழ் தெரியாத ஒரு பெட்டி, தமிழைக் கேட்டு ஊரைக் கெடுத்திருக்கிறது. அவ்வளவுதானே, திருத்தச் சொன்னால் போச்சு என்று நினைத்தவருக்கு நெஞ்சு லேசானது. அங்கேயே நின்றபடி தலைமை அலுவலகப் பொறியாளர் அகல்விழியைக் கூப்பிட்டார்.

அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அகல்விழி நிதானமாகச் சொன்னார். "தெரியும் சார்."

"தெரியுமா? அப்புறம் ஏனுங் மேடம் திருத்தல?"

"திருத்தத்தான் உட்கார்ந்தோம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்த்தோம். முந்நூறு ஊர் சார். எந்த வீதியில புகைச்சல் ஏறுதோ, எட்டு மாசம் கழிச்சு வேற ஒரு ஊர்ல நிஜப் புகை ஏறுது. அப்படியே அச்சு மாதிரி பொருந்துது. நாங்க சொல்லித் தரவே இல்ல."

"வேற ஊர்லயா?"

"எதிர் வீட்டுல ஒரு பொருள் வந்தா இந்த வீட்டுக்காரங்களுக்கு வயிறு காந்துது. அதைவிடப் பெருசா ஒண்ணு ஆர்டர் போடறாங்க. அதைச் செய்யறது கல்லேரிமேட்டுல. பழசைத் தூக்கிப் போட்டா அதுவும் அங்கேயேதான் போகுது. கொளுத்திப் போட்டுச் செம்பை உருவறாங்க. உங்க மூக்குல அது எப்படி சார் ஏறும்?"

"அப்ப எங்க வீதியில புகை இல்லீங்ளே!"

"உங்க வீதியில இல்ல. உங்க வீதியோட புகை இருக்கு. அங்க இருக்கு."

சுகந்தன் மெல்லக் கேட்டார். "சரிங், அதுக்கு மாவு மில்லு என்னங் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. புகை வந்தா மோட்டாரை நிறுத்துன்னு சட்டத்துல இருக்கு. பொறாமையை நிறுத்துன்னு எந்த அரசாணையில எழுதறது, சொல்லுங்க?" என்று அகல்விழி வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே மில் வாசலில் கூட்டம் போட்டார் சுகந்தன். விஷயத்தை விளக்கினார். கேட்ட சனத்துக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் கோபம்.

ஐம்பத்தைந்து வயது ரித்திகாக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வீதியில் நடப்பதெல்லாம் முதலில் அவளுக்குத் தெரியும், அப்புறம்தான் நடக்கும். "ஏனுங் ஆபீசர், பொறாமையே படக்கூடாதுன்னா மனுசன் எதுக்குங் பொழைக்கறது? அப்புறம் நாங்க இங்க வந்து ரெண்டு மணி நேரம் என்னத்தப் பேசிட்டு நிக்கறது?"

"படாம இருக்க முடியாதுன்னா பேசாமயாச்சும் இருங்கக்கா. வெள்ளிக்கெழம வரைக்கும் தானுங்க. என்ற தங்கச்சி பொழப்பு."

தான்யா மாவு படிந்த கையோடு மோட்டார் பக்கத்தில் நின்றாள். அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு எல்லோரும் தலையாட்டினார்கள்.

புகை என்ற சொல்லை வீதியே விட்டது. விட்டால் ஆயிற்றா? தமிழனுக்கு மனசில் எது வந்தாலும் நெருப்பாகத்தான் வெளியே வருகிறது. செவ்வாய்க்கிழமை ஒருவர் வாசலில் பக்கத்து வீட்டு மிதுன் புது வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போனான். அவர் "இவனப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்றார். ஏழாவது நிமிடம் தீயணைப்பு வண்டி வந்து அவரை நனைத்துவிட்டுப் போனது. புதன்கிழமை தருணிகா, "என்ற மாமியா காலைல இருந்து என்னையக் கரிச்சுக் கொட்டுறா" என்று அம்மாவிடம் போனில் அழுதாள். பொது இடத்தில் கரி கொட்டியதற்காக மாமியாருக்கு நோட்டீஸ் வந்தது. அந்த அம்மாள் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கரித்துக்கொட்ட, இரண்டாவது நோட்டீசும் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, மோப்பன் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது.

கடைசியில் சனங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாங்கியதை யாரும் யாருக்கும் காட்டக்கூடாது. ஊஞ்சல் வாங்கியவர் அதன்மேல் போர்வையைப் போட்டு மூடினார். புதுச்சேலை கட்டியவள் அதன்மேல் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு மில்லுக்கு வந்தாள். காட்ட முடியாது என்றானதும் வாங்குகிற ஆசையும் விட்டுப்போனது. ஆர்டர் போட்ட மூன்று பேர் வேண்டாமென்று திருப்பி எழுதினார்கள். சுகந்தனுக்கே வியப்புத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் மோப்பன் முகப்பில் வீதியின் புகை அளவு சரசரவென்று இறங்கியிருந்தது. ஆனால் அதற்குக் கீழே போனால் சிவப்பு விழாது என்ற பச்சைக் கோட்டைத் தொடவில்லை. ஒரு மயிரிழை மேலே நின்றது.

"இன்னும் என்னப்பா?" என்று மோப்பனிடம் கெஞ்சினார்.

"ஒரே ஒரு வீட்டிலிருந்து தொடர்ந்து புகை வருகிறது. வீட்டு எண் ஏழு."

ஏழு அவருடைய வீடு.

சுகந்தனுக்குச் சுர்ரென்று ஏறியது. மனைவி சௌம்யாவைத் தவிர வேறு யாராக இருக்கும்? வீட்டுக்கு விடுவிடுவென்று நடந்தார். "ஏய், ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிட்டுத் திரியறேன், நீ எவளப் பாத்துப் புகைஞ்சுட்டு இருக்கறே?"

சௌம்யா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பொட்டிகிட்டயே கேளுங்க, எந்தக் குரல்னு."

கேட்டார். சுவரிலிருந்த மோப்பன் பதிவை ஓடவிட்டது. நேரம் மதியம் இரண்டு பத்து, ஆண் குரல், வாய் குழறுகிறது, பின்னணியில் குறட்டை. "மூணாவது மோட்டாராமா... ஒண்ணுமில்லாம நின்னவ... ஊரே அவ வாசல்ல நிக்குது... எனக்கு ஆபீசர்னு பேரு, ஒரு நாய் திரும்பிப் பாக்கல... புகையாம என்ன பண்ணும்..."

அவருடைய சொந்தக் குரல்தான். சோற்றுக்குப் பின் போடுகிற குட்டித் தூக்கத்தின் குரல்.

"தெனமும்தான் உளறறீங்க," என்றாள் சௌம்யா. "அவ ரெண்டாவது மோட்டார் போட்டப்ப நாம கார மாத்துனோம். மூணாவது போட்டப்ப நாலு கதவு பிரிட்ஜு வந்துச்சு. ரெண்டு கதவுலயே வெக்கறதுக்கு ஒண்ணுமில்லாம நான் தண்ணி பாட்டிலா அடுக்கி வெச்சிருந்தேன். எனக்குத் தெரியாதுங்களா?"

சுகந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தங்கை கண்ணீரோடு நின்றபோது கைகொடுக்கத் தெரிந்தது அவருக்கு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் மில்லைக் காப்பாற்ற இத்தனை நாள் ஓடியதும் பொய்யில்லை, அவளை நினைத்து வெந்ததும் பொய்யில்லை. இரண்டும் ஒரே வயிற்றுக்குள்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மில்லுக்குப் போனார். நல்ல கூட்டம். தூக்குப்போசிகள் வரிசையாக நின்றன.

"தான்யா, சித்தே மோட்டார நிறுத்து. ஒரு விசயம் சொல்லோணும்."

நிறுத்தினாள்.

"உம்மேல எனக்குப் பொறாமை, கண்ணு. நீ நல்லா இருக்கறது என்னால பொறுக்க முடியல. தூக்கத்துல கூட அதையேதான் பொலம்பிட்டு இருக்கறேன். என்ற வூட்டுனாலதான் உனக்குச் செவப்பு வருது."

தான்யா அண்ணனையே பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, மூணாவது மோட்டார் எதுக்குப் போட்டேன்னு தெரியுமா? அதுல அரைக்கறதுக்கு எங்கிட்ட மாவே கெடையாது. ரெண்டே போதும். நீங்க கார் மாத்துனீங்க பாருங்க, அன்னைக்குத்தான் போய் ஆர்டர் குடுத்தேன். சத்தம் உங்க வூட்டுக்குக் கேக்கோணும்னு காலைல ஒரு மணி நேரம் வெறுமனே ஓட்டுவேன்."

"வெறுமனேயா?"

"வெறுமனேதான். தண்ணிய ஊத்தி அரைப்பேன்."

சுகந்தனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தங்கையின் மாவுக்கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் இருந்த மோப்பன் தொண்டையைச் செருமியது. "வீட்டு எண் ஏழு. பேச்சில் புகை இல்லை. வீதி பச்சைக் கோட்டுக்குள் வந்துள்ளது." பெண்கள் தூக்குப்போசியைத் தட்டித் தாளம் போட்டார்கள். மணி பதினொன்று நாற்பது. இன்னும் இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மில் பிழைத்தது.

ரித்திகாக்காவுக்குக் கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. பாவம், கூடப் பிறந்தவனோடு அவள் பேசிப் பதினெட்டு வருடம். மூக்கைச் சிந்திவிட்டு மனசாரச் சொன்னாள். "அண்ணனுந் தங்கச்சியும் இப்படியிருக்கறதப் பாத்தா எனக்கே புகையுது, சாமி."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

"சாட்சியம் பதிவு செய்யப்பட்டது," என்றது மோப்பன். "வீதி மீண்டும் பச்சைக் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது. மூன்றாவது சிவப்பு."

மூன்று மோட்டாருக்கும் மின்சாரம் போனது. ஆய்வாளர் என்ற முறையில் கதவுக்கு முத்திரை வைக்க வேண்டியவர் சுகந்தன்தான். அவர் முத்திரை அட்டையைக் கோணலாக வைத்ததைப் பார்த்துத் தான்யாவே அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். ரித்திகாக்கா படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் திட்டக்கூட யாருக்கும் மனசு வரவில்லை. சுகந்தன் மேல்முறையீடு எழுதினார், அகல்விழியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். "எனக்கும் கஷ்டமாத்தான் சார் இருக்கு" என்றார் அகல்விழி. அதற்குமேல் அந்த அம்மாளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வீதியில் மாவு தீர்ந்தது. இட்லிக்கு ஒரு வருடம் காத்திருக்க முடியுமா? நாலாவது நாள் வீதி முனையில் பெரிய வண்டி வந்து நின்றது. நாற்பத்தாறு வீட்டுக்கும் நாற்பத்தாறு கிரைண்டர். வீட்டு மோட்டாருக்குத் தடை இல்லையே! ரித்திகாக்கா வாங்கினாள், தருணிகா வாங்கினாள், சௌம்யாவும் வாங்கினாள். அவரவர் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் அரைத்தார்கள். மில் வாசலில் நிற்க வேலையில்லை. நின்றால்தானே பேச்சு, பேசினால்தானே புகைச்சல்? எதிர்வீட்டில் என்ன கிரைண்டர் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

தான்யாவுக்கு இரண்டு வாரத்தில் வேலை கிடைத்தது. கிரைண்டர் மோட்டார் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவள் என்று கல்லேரிமேட்டுத் தொழிற்சாலையில் கூப்பிட்டு எடுத்துக்கொண்டார்கள். ஆர்டர் குவிகிறதாம், ஆள் போதவில்லையாம். மகள் படிப்பு நிற்காது என்ற சந்தோஷத்தோடுதான் பஸ் ஏறினாள். அண்ணன் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்.

எட்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கொங்காளம்மன் வீதிக்குத் தங்க அட்டை வந்தது. மாநிலத்திலேயே சுத்தமான வீதி. புகையும் இல்லை, புகைச்சலும் இல்லை. மோப்பன் வீதி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது. யாரும் வெளியே வந்து பார்க்கவில்லை. உள்ளே கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

சுகந்தன் மட்டும் கம்பத்தடியில் நின்றார். "கல்லேரிமேட்டுல இன்னைக்கு எப்படியிருக்குதுன்னு கொஞ்சம் சொல்லேன்."

"அது தங்கள் வீதி அன்று," என்றது மோப்பன். "வாழ்த்துகள்."

அவர் கைபேசியை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தவள் முதலில் இருமினாள். நிற்காமல் இருமினாள். அப்புறம்தான் "அண்ணா" என்றாள்.